கெர்னலின் பெயர்ப் பதிவேடு

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் உள்மையமே கெர்னல். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ‘சிஸ்சிடிஎல்’ 1993-இல் 4.4 பிஎஸ்டியில் வந்தது. பெயர்கள் மரம்போல் கிளைவிட்டு நிற்கும்.

பின்னால் ஏற்றப்படும் மாட்யூலும் தன் பெயர்களை அம்மரத்தில் பதியலாம். ஆபத்து அது விடைபெறும்போதுதான்! பதிவேட்டில் பெரும்பாலும் இருப்பது மதிப்பன்று. மதிப்பு இருக்கும் நினைவக முகவரி. பெயரை அடிக்காமல் மாட்யூல் போய்விட்டால், பிறகு படிப்பவர் ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டுவார், கணிப்பொறியே நின்றுபோகலாம்.

ஆகவே ஃபிரீபிஎஸ்டியில், பதிந்தவற்றை ஒரு பட்டியலில் கோத்துக்கொண்டு, கடைசியில் சேர்ந்ததை முதலில் நீக்குகிறார்கள். கிளையை முறித்தபின் இலையைப் பறிக்க முடியுமா? இடையில் ஒன்று நீங்க மறுத்தாலும், நீக்கிய அனைத்தும் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.