ஆடுற பல்லுக்கும் கிரேடு உண்டு!

செமஸ்டர்ல கிரேடு ஏறினா சந்தோஷம். ஆனா பல் டாக்டர் போடுற கிரேடுல பூஜ்யம் வாங்குறதுதான் நல்லது!

முதல்ல ஒரு விஷயம்: ஆரோக்கியமான பல்லும் துளி ஆடும். பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. அகலத்தில் நார்களாலான ஓர் அடுக்கு இருக்கு. இதுதான் பெரியோடான்டல் லிகமென்ட். நம்ம பாஷையில, ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன். கடலை மிட்டாய் கடிக்கும்போது வர்ற அதிர்வை இதுதான் தாங்குது.

ஆட்டம் எப்போ அதிகம்? 1950-ல் வந்த மில்லர் அளவுகோல்தான் இன்னைக்கும் பரவலா பயன்படுது. இரண்டு கருவிகளின் கைப்பிடிகளுக்கு நடுவே பல்லைப் பிடிச்சு டாக்டர் அசைச்சுப் பார்ப்பார். விரல் சதை அமுங்கும், உலோகம் அமுங்காது.

கிரேடு 0: இயல்பான அசைவு மட்டும்.
கிரேடு 1: இயல்பைவிட லேசா அதிகம்.
கிரேடு 2: 1 மி.மீ. வரை பக்கவாட்டில் ஆடும்.
கிரேடு 3: 1 மி.மீ.க்கு மேல் ஆடும். அல்லது பல் சுழலும், அமுக்கினா உள்ளே இறங்கும்.

கண்ணால் பார்த்துச் சொல்றதால ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறலாம். அதுக்குத்தான் பெரியோடெஸ்ட்னு ஒரு கருவி. 4 விநாடியில 16 முறை பல்லைத் தட்டி, -8 முதல் +50 வரை ஓர் எண்ணைத் தரும்.

இங்கேதான் முக்கியமான பாயின்ட். கிரேடு 'எவ்வளவு'ன்னு சொல்லும், 'ஏன்'னு சொல்லாது. கிளிப் போட்டவங்க பல் ஆடும். சிகிச்சை முடிஞ்சு நாளாக ஆக இறுகிடும். புது ஃபில்லிங் உயரமா இருந்து பல் ஆடினா, அதைத் தேய்ச்சு சரிசெய்தா போதும். ஆனா ஈறு நோயில் எலும்பே கரையுது. கான்டிலீவரை நினைச்சுப் பாருங்க: சுவருக்குள்ள இருக்கிற நீளம் குறைஞ்சு, வெளியே நீட்டுற நீளம் கூடினா என்ன ஆகும்? அதேதான். கரைஞ்ச எலும்பு பெரும்பாலும் முழுசா திரும்பாது. அதனாலதான் டாக்டர் எக்ஸ்ரேயும் எடுக்கிறார், ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தையும் அளக்கிறார்.

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பிரஷ்ல தெரியுற ரத்தம்தான் முதல் அலாரம். சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தக் கசிவு குறைவா இருக்கும்; அந்த அலாரமும் சரியா அடிக்காது. அதனால, பல் ஆடுற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரத்தம் தெரிஞ்சாலே டாக்டரைப் பாருங்க. ஏற்கெனவே ஆடுதா? நாக்காலயும் விரலாலயும் ஆட்டிப் பார்க்காம உடனே கிளம்புங்க.