கோப்பையில் தெரிந்த பாம்பு

கேள்வி: குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த என் நாத்தனார் போன மாதம் ஊர் திரும்பினார். காபி குடித்த கோப்பையைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டிய வண்டலைப் பார்த்துப் பலன் சொல்கிறார். என் பெண்ணுக்கு வந்திருக்கும் வரனை நினைத்துப் பார்த்ததில் பாம்பு தெரிந்ததாம், பகை என்றார். அன்றிலிருந்து மாமியார் அந்த இடமே வேண்டாம் என்கிறார். எங்கள் பக்கம் எருகலப் பழங்குடிப் பெண்கள் ‘சோதி’ என்று குறி சொல்வார்களே, அது போன்றதா இது? நம்பலாமா?
வாசகி, பங்காருபாளையம்

பதில்: இதற்காக அந்த வரனை விட்டுவிடாதீர்கள், அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

துருக்கியிலும் அரபு நாடுகளிலும் வீட்டுப் பெண்களிடையே ஊறிய பழக்கம் இது. துருக்கியில் ‘ஃபால்’ என்பார்கள். 1925இல் அங்கே குறி சொல்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வீடுகளில் கோப்பை கவிழ்ப்பது நிற்கவில்லை. 2013இல் துருக்கிக் காபிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, இந்தப் பலன் பார்ப்பதும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றது.

நம் ஃபில்டர் காபியில் இது நடக்காது. சக்கை மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். அவர்கள் தூளை மாவு போல அரைத்து, தண்ணீரோடு காய்ச்சி, வடிகட்டாமல் ஊற்றுகிறார்கள். குடித்ததும் தட்டால் மூடி, மனதில் ஒன்றை நினைத்து, சுழற்றிக் கவிழ்த்து ஆறவிடுவார்கள். மீன் தெரிந்தால் வரும்படி, பறவை என்றால் சேதி, பாதை என்றால் பயணம், பாம்பு என்றால் பகை.

கவிழ்த்த கோப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மிச்சமிருக்கும் ஈரம் வண்டலை அரித்துக்கொண்டு விளிம்புக்கு இறங்குகிறது. மழை விட்டதும் உங்கள் பக்கத்து மொகிலி கணவாய்ச் சரிவில் தண்ணீர் போன தடம் தெரியுமே, அதேதான். அதனால் நீண்டு, மெலிந்து, வளைந்த கோடு எந்தக் கோப்பையிலும் சுலபமாக விழும். ஒருவர் அதைப் பாதை என்பார். வரன்மேல் ஏற்கெனவே தயக்கம் உள்ளவர் பாம்பு என்பார்.

சோதியைப் பற்றிக் கேட்டீர்கள். எருகலர் வீட்டில் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு; நம் குறத்தியும் அவர்களும் ஒரே மரபின் கிளைகள் என்றே நினைக்கிறேன். முறத்தை முன்னால் வைத்துப் பார்க்கும் குறியும் நமக்குப் பழையது. ‘கட்டு’ என்று தொல்காப்பியமே அதைப் பேசுகிறது. காரணம் தெரியாமல் பெண் வாடினால், தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி நந்நான்காக எண்ணுவாள். கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று மிஞ்சினால் முருகன் அணங்கியது. நான்காகவே முடிந்தால் வேறு நோய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலில் மூன்று வாய்ப்பு, நெல்லை அள்ளும் முன்பே முருகன் பக்கம் போய்விட்டது. கோப்பையிலும் அப்படித்தான். உங்கள் பெண்ணின் பெயரைச் சொல்லும் முன்பே பாம்புக்கு அங்கே இடம் இருக்கிறது.

நாத்தனார் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தூர தேசத்தில் கற்றுக்கொண்டதை வீட்டார் நன்மைக்காகவே சொல்கிறார். அவரையே மாமியார் முன்னால் ஆறு கோப்பை காபி போடச் சொல்லுங்கள். யாரும் எதையும் நினைக்காமல் குடித்துவிட்டுக் கவிழ்க்கட்டும். எத்தனை கோப்பையில் அந்தக் கோடு விழுகிறது என்று மாமியாரே எண்ணட்டும்.

பையனின் வேலை, குணம், கடன் எல்லாம் அவன் ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிய வேண்டியவை. உங்கள் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே அவளிடம் கேளுங்கள்.