சிவப்பைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

“ரத்தமா போவுது சிஸ்டர், அதான் நைனாவுக்குத் தண்ணியே குடுக்கல.” புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவரின் கட்டிலருகே நின்று இப்படிச் சொல்லாத குடும்பம் உண்டா? வடசென்னையில் காசிமேடோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ, எங்கிருந்து வந்தாலும் இதே பேச்சு. தண்ணீர் குடித்தால் ரத்தம் இன்னும் போகுமாம். எந்த மகராசன் கிளப்பிவிட்டானோ!

மூத்திரப் பாதை வழியே கருவியை விட்டு, வீங்கிய சுரப்பியை உள்ளேயே செதுக்கி எடுக்கும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷனில் வெளியே தையல் கிடையாது. உள்ளே பச்சைப் புண். அது கசியத்தான் செய்யும். கொஞ்சம் கசிந்தாலே மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பை முழுக்கச் சிவந்துவிடும். அதனால்தான் மூன்று வாய் உள்ள டியூபைப் போட்டு, சலைனை ஓயாமல் உள்ளே விட்டுக் கழுவி எடுக்கிறோம். கழுவுவது நின்றால் ரத்தம் உள்ளேயே உறையும். ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி டியூபை அடைக்கும். பையில் சொட்டு விழாது. அடிவயிறு உப்பிக் கெட்டிப்படும். நிரம்பிய மூத்திரப்பை புண்ணை இழுத்து விரிக்க, கசிவு கூடும். பெரிய சிரிஞ்சை வைத்து அந்தக் கட்டிகளை உறிஞ்சும்போது நோயாளி போடும் சத்தத்தை, வதந்தி பரப்புகிறவர்கள் ஒருநாள் வந்து கேட்கட்டும்.

சலைனை நிறுத்திய பிறகு கழுவும் வேலை குடிக்கிற தண்ணீருடையது. நாளைக்கு 2 முதல் 3 லிட்டர். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. வீட்டுக்குப் போன பிறகு, ஆபரேஷன் ஆன 10 முதல் 14 நாளில் பொருக்கு உதிர்ந்து மறுபடி சிவக்கலாம். அப்போதும் தண்ணீரைக் கூட்டுங்கள், படுத்திருங்கள். கட்டியாக வந்தாலோ, மூத்திரம் நின்றாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ, காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் ராத்திரியே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மற்றவை சில்லறை. தையல் இல்லை என்று மறுவாரமே வலை இழுக்க, மூட்டை தூக்கக் கிளம்பாதீர்கள். 4 முதல் 6 வாரம் ஆகட்டும். பாரம் இழுத்தால் புண் மறுபடி கசியும், மலச்சிக்கலோடு முக்குவதும் அதே கேடுதான். டியூப் இருக்கும்போதே மூத்திரம் முட்டுவது உள்ளிருக்கும் பலூனின் வேலை, இழுத்துப் பார்க்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைக்காமல் கீழே தொங்கவிடுங்கள். பெரும்பாலோருக்கு ஆண்மை போய்விடாது, விந்து பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போகலாம், அதில் ஆபத்தில்லை. இனிப் புற்றுநோய் வராது என்பதும் பொய். சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருக்கிறது.

தண்ணீரைக் குறைப்பவர்கள் எல்லாரும் வதந்தியை நம்பித்தான் குறைக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். டியூப் எடுத்துச் சில வாரங்களுக்கு அவசரமாக வரும், அடக்க முடியாது, வேட்டி நனையும். இடுப்புத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லித் தருகிறோம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் டிரைவர் எங்கே ஒதுங்குவார்? டயர் ஓரம்தான் என்று பழகிப்போயிற்று. அதற்குக் கூச்சப்படுகிறவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆண்களுக்கு எதற்குக் கழிப்பறை என்று கேட்கிறவர்கள் அறுபது வயதைத் தொட்டதில்லை போலும். லாரிகள் வரிசைகட்டும் இடங்களிலெல்லாம் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும், ராத்திரியிலும் பூட்டாமல்.