ஒதுக்கிய இரும்பு உதவிய கதை

1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர், வோல்ட்டா கூறிய முறையில் மின்கல அடுக்கொன்றை அமைத்து, அதன் மின்சாரத்தை நீரினுள் செலுத்தினர். நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது. காற்றும் கதிரவனும் தரும் மின்சாரத்தால் இவ்வாறு பெறும் ஹைட்ரஜனையே இந்நாளில் பசுமை ஹைட்ரஜன் என்கின்றனர். அஃது எரிந்தால் மீண்டும் நீராகுமேயன்றிக் கரியமில வாயு எழுவதில்லை. எனினும், உலகில் ஆக்கப்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்றும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கின்றது. விலை குறைவே அதற்குக் காரணம்.

நீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டு போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையிலோ அதனினும் மிகுதியாக வேண்டும். ஹைட்ரஜன் எளிதில் வெளிப்பட்டுவிடும். முரண்டு பிடிப்பது ஆக்சிஜனே. இத்தடையைத் தணித்துத் தான் செலவழியாது நிற்கும் பொருளை வினையூக்கி என்பர். அமிலக் கரைசலில் இப்பணியைச் செவ்வனே செய்வது இரிடியம். அதுவோ பிளாட்டினச் சுரங்கங்களில் உடன் கிடைக்கும் அரும்பொருள். உலகம் முழுவதிலும் ஓராண்டில் எடுக்கப்படுவது ஏறத்தாழ 7 அல்லது 8 டன்னே. ஒரு லாரியில் அடங்கிவிடும் பொருளை நம்பி உலகத்து ஆலைகளை நடத்துவது எங்ஙனம்?

காரக் கரைசலில் மலிவான நிக்கலே போதும். பஞ்சாபில் நங்கல் என்னுமிடத்தில் 1961இல் தொடங்கிய உரத்தொழிற்சாலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் காரக் கரைசலின் வழியே நீரைப் பிரித்து, அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பெற்றது. பிற்காலத்தில் அதுவும் வேறு மூலப்பொருளுக்கு மாறிவிட்டது.

நிக்கலின் வரலாற்றில் வியப்பொன்று உண்டு. கரைசலில் கலந்துவிடும் இரும்பு, நிக்கல் மின்கலம் செய்வோர்க்கு நெடுநாள் தொல்லையாக இருந்தது. மின்னேற்றும்போது அஃது ஆக்சிஜனை வெளியேற்றி மின்சாரத்தை வீணாக்கியது. மின்கலத்திற்குக் குறையான அப்பண்பே நீரைப் பிரிப்போர்க்கு வேண்டிய நிறையன்றோ? நிக்கல் ஆக்சைடில் சிறிதளவு இரும்பு புகுந்தாலும் ஆக்சிஜன் எளிதில் வெளிப்படுதலை, 1987இல் அமெரிக்க ஆய்வாளர் காரிகன் அளந்து காட்டினார். 2014இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தார் கரைசலினின்றும் இரும்பை அறவே நீக்கிப் பார்த்தனர். நிக்கலின் திறன் பெரிதும் தாழ்ந்தது. நிக்கலுக்கென நாம் பாடிய புகழில் பெரும்பங்கு, கண்ணுக்குப் புலப்படாது கலந்திருந்த இரும்பையே சாரும்!

இடர்ப்பாடும் இல்லாமல் இல்லை. அமிலத்தில் இவ்விரு உலோகங்களும் கரைந்தொழியும். காரத்திலும் இரும்பு நாளடைவில் மெல்லக் கழன்று விடுகின்றது. ஆலையிலோ மின்முனைகள் பல்லாண்டு உழைத்தாக வேண்டும். கரைசலிலேயே சிறிது இரும்பை விட்டுவைத்தால், கழன்ற இடத்தில் அது மீண்டும் வந்து படிகின்றது என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது.