மலை ஏறும் முன் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள்



ஆடி அமாவாசை நெருங்கினால் வேன் பேசிக்கொண்டு சதுரகிரிக்குக் கிளம்புவோர் உண்டு. "விடியக்காலம் ஏறினா சாயந்திரம் இறங்கிடலாம்" என்பார்கள். விருதுநகர் மாவட்டம் தாணிப்பாறையிலிருந்து போகும் அந்தப் பாதை காட்டு வழி. ஓடைகளைக் கடக்கிறது. பாதி வழியில் கால் சோர்ந்தால் பஸ் ஏறி வீடு திரும்ப முடியாது. ஆகவே தண்ணீர், சாப்பாடு, உடல் தெம்பு மூன்றையும் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

1. யார் போகலாம்?

இரண்டு வாரம் முன்பே நார்த்தாமலைக்குப் போய், வெயில் ஏறும் முன் விஜயாலய சோழீச்சரம் வரை ஏறி இறங்கிப் பாருங்கள். அதற்கே மூச்சு வாங்குகிறவர், நெஞ்சு கனக்கிறவர் பெரிய மலையை நினைக்கவே வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டட்டும். இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது.

2. நேரக் கணக்கு

காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கி, மாலை 5 மணிக்குள் அடிவாரம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது 11 மணி நேரம்.

ஏற: 5 மணி
கும்பிட்டு இளைப்பாற: 1 மணி
இறங்க: 4 மணி
எதிர்பாராததற்கு: 1 மணி

அப்படியானால் பகல் 11 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ, அங்கிருந்தே திரும்புங்கள். கோயில் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் நடைதான் எல்லோருக்கும் நடை. வனத்துறை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். பாதி தீர்ந்தால் பாதி வழி முடிந்தது என்று பொருள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே நடக்கும் பெண்கள் உண்டு. அம்மா, அப்படிச் செய்யாதீர்கள். மயக்கமும் நீர்க்கடுப்பும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து வையுங்கள்.

அமாவாசை விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்களுக்கு இது உயிர் ஆபத்து. அவர்கள் மடியில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

4. ஓடையும் தீயும்

2015 மே மாதம் சதுரகிரிப் பாதையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை பெருகும். தண்ணீர் கலங்கி வேகமெடுத்தால் இறங்காதீர்கள். மேட்டில் காத்திருங்கள். நேரமும் சாப்பாடும் மீதி வைத்தவர்தான் பதறாமல் காத்திருக்க முடியும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல் காய்ந்த கோடையில் காட்டு நடை வேண்டாம். தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும். அதற்கு முன்னால் மேலே ஓடாதீர்கள். வெறும் பாறையையோ புல் இல்லாத இடத்தையோ தேடுங்கள். பீடி, கற்பூரம், அடுப்பு எதுவும் காட்டுக்குள் கூடாது.

5. ஆபத்து வந்தால்

நெஞ்சுவலி: உடனே நடையை நிறுத்தி உட்கார வையுங்கள்.
வெயிலில் புத்தி தடுமாறினால்: நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள்.
பாம்புக் கடி: கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் உண்டு.
மூன்றுக்கும் 108-ஐ அழையுங்கள்.

கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சீட்டில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மலை எங்கும் போய்விடாது. இந்த முறை முடியாவிட்டால் அடுத்த முறை ஏறலாம்.