முதலில் வேலை, பிறகு படிப்பு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே கல்லூரி முகவர்கள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். கையில் வண்ணத் துண்டறிக்கை, வாயில் "நூறு சதவீதம் வேலை உறுதி". குடும்பத்திலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை, அதிலும் பழங்குடிக் குடியிருப்பிலோ சேரியிலோ மீனவக் குப்பத்திலோ வளர்ந்த பிள்ளை, அந்த வாக்கை எதை வைத்துச் சரிபார்க்கும்? நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான், கிடைத்த சான்றிதழை எந்தக் கவுன்சிலிலும் பதிய முடியாது என்று தெரிகிறது.

இந்தப் பிள்ளைகள் மருத்துவத் துறைக்குள் நுழைய நம்பிப் போகக்கூடிய வழி ஒன்று உண்டு. கல்லூரியில் தொடங்காதீர்கள். பக்கத்து மருத்துவமனையில் ஆள் கிடைக்காமல் காலியாக இருக்கும் வேலையில் தொடங்குங்கள். எங்களுக்கு ஆள் வேண்டும் என்று மருத்துவமனை சொல்ல வேண்டும். இது எங்கள் பிள்ளை என்று ஊர் முன்வர வேண்டும். பள்ளியும் பயிற்சி நிறுவனமும் நடுவில் நிற்க வேண்டும். மூன்று தரப்பும் சேர்ந்த இடங்களில் பிள்ளைகள் நிலைத்திருக்கிறார்கள். ஒருநாள் விழிப்புணர்வு முகாமோ, தனி ஒருவர் கட்டும் முதல் வருடக் கட்டணமோ அந்தக் காரியத்தைச் செய்து முடிப்பதில்லை.

ஆகவே இதை மாணவருக்காக மட்டும் எழுதவில்லை. அவருக்குத் துணை நிற்கக்கூடிய தலைமையாசிரியர், மகளிர் குழுத் தலைவி, சிறு மருத்துவமனை நடத்தும் டாக்டர் எல்லோரும் படிக்க வேண்டும்.

நடத்திக் காட்டியவர்கள்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1980களின் நடுவில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் மக்கள் நில உரிமைக்காக ஆதிவாசி முன்னேற்ற சங்கமாகத் திரண்டார்கள். அக்கார்டு என்ற தொண்டு நிறுவனம் பக்கத்தில் நின்றது. 1987இல் ரூபா, தேவதாசன் என்ற மருத்துவத் தம்பதி அங்கே வந்தார்கள். ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்பே ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைக் கவனிப்பது, தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கூட்டிவருவது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது என்று அந்த இளைஞர்கள் குடிசை குடிசையாகப் போனார்கள். சிக்கலான நோயாளியை அனுப்பத்தான் இடம் இல்லை. வெளி ஆஸ்பத்திரிக்குப் போக ஆதிவாசிகள் தயங்கினார்கள். அங்கே தங்களை யாரும் மதிப்பதில்லை என்ற அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1990இல் அஸ்வினி என்ற அமைப்பின் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களைக்கூட எடுத்து நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். பணியர் வீட்டுப் பாட்டி தன் மொழியில் வலியைச் சொன்னால், எதிரே நிற்கும் நர்ஸுக்கு அது வீட்டில் பேசும் மொழி. எத்தனை பட்டம் வாங்கி வந்தாலும் வெளியூர்க்காரரால் அதைக் கொடுத்துவிட முடியாது.

இதில் வரிசை முக்கியம். சங்கம் முதலில் வந்தது, மருத்துவமனை பின்னால் வந்தது. ஊரே தேர்ந்து அனுப்பிய பெண் பாதியில் திரும்பி வந்தால், என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே ஆள் இருந்தது.

தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993இல் பழங்குடி நல முயற்சியைத் தொடங்கியபோது, பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் அந்த மலைப் பெண்களையே நர்ஸாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது.

"இதெல்லாம் தொண்டு, எங்களால் ஆகாது" என்று சொல்லும் மருத்துவமனை நிர்வாகிகள் மதுரையைப் பார்க்க வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறது. கண் பரிசோதனை, தியேட்டர் உதவி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில். அங்குள்ள ஊழியர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். டாக்டர் அறுவை சிகிச்சையை மட்டும் கவனிக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தப் பெண்களே காரணம். மருத்துவமனைக்கு அவர்கள் தேவை. அதனால்தான் அந்தப் பயிற்சி இத்தனை காலம் நின்றிருக்கிறது.

உங்கள் ஊரில் எப்படித் தொடங்குவது

ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள மருத்துவமனைகளைக் கணக்கெடுங்கள். அரசு, மிஷன், தனியார் எதையும் விடாதீர்கள். மாணவரைத் தனியாக அனுப்ப வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர், மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர், முடிந்தால் ஊரின் கிராம சுகாதார செவிலியர் என்று மூன்று பேர் போங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கிய பிறகு, வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இந்த வேலையில் மனம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

உள்ளே போய் "எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். "அடுத்த இரண்டு வருடத்தில் எந்த வேலைக்கு, எத்தனை ஆள் உங்களுக்குத் தேவைப்படும்?" என்று கேளுங்கள். பதிலில் நர்ஸ் கட்டாயம் இருக்கும். அதோடு டயாலிசிஸ் டெக்னீஷியன், தியேட்டர் டெக்னீஷியன், லேப், எக்ஸ்ரே, அவசரப் பிரிவு, பார்மசி என்று ஊர்க்காரர் நினைத்தே பார்க்காத பெயர்களும் வரும். சிறுநீரகம் செயலிழந்த நோயாளிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் தேவை. அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாத சிறு நகரங்களில், நோயாளிகள் ரத்தம் சுத்திகரிக்க வெகுதூரம் பஸ் ஏறுகிறார்கள். ஊரின் தேவையும் பிள்ளையின் வேலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

எண்ணிக்கை கிடைத்ததும் ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். ஊர் எத்தனை பேரை அனுப்பும், மருத்துவமனை எதைத் தரும், பள்ளி எதைப் பார்த்துக்கொள்ளும் என்று மூன்றே விஷயங்கள் போதும். வாய்வார்த்தையாக விட்டால் நிர்வாகி மாறிய அன்றே எல்லாம் முடிந்துபோகும்.

அடுத்த வேலை பள்ளியில். பிளஸ் டூ முடித்த பிறகு ஆலோசனை சொல்வது பலருக்குக் காலம் கடந்த ஆலோசனை. பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. பெரும்பாலான மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவமனையைக் காட்டுங்கள். மேடை போட்டுப் பேச வேண்டாம். ஒரு ரத்தப் பரிசோதனையின் பின்னால் மாணவர்களை நடக்க விடுங்கள். கையில் பட்டை கட்டி ரத்தம் எடுப்பவர் ஒருவர். ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய், சர்க்கரை பார்க்கச் சாம்பல் மூடிக் குழாய் என்று ஏன் தனித்தனியாகப் பிடிக்கிறார் என்று அவரே சொல்லட்டும். குழாயில் ஒட்டும் பெயர்ச் சீட்டு மாறினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்கட்டும். சுழலும் இயந்திரம், முடிவைச் சரிபார்ப்பவர், கம்ப்யூட்டரில் ஏற்றுபவர், கடைசியில் கையெழுத்துப் போடும் டாக்டர் வரை பார்க்கட்டும். ஒரு சின்னக் குழாய்க்குப் பின்னால் இத்தனை வேலைகள் என்று தெரிந்த பிள்ளை, டாக்டர் அல்லது நர்ஸ் என்ற இரண்டோடு நின்றுவிடாது. பெற்றோரையும் ஒருநாள் கூட்டிப்போங்கள். மகள் நைட் டியூட்டியில் எங்கே உட்காருவாள், ஹாஸ்டல் எங்கே இருக்கிறது என்று அம்மா கண்ணால் பார்த்துவிட்டால், பாதியில் கல்யாணம் பேசி நிறுத்தும் பேச்சு குறையும்.

காகிதமும் காசும்

திறமையான பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, பழைய ஆவணம், உறவினர் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கவுன்சலிங் தேதி அதுவரை காத்திருக்காது. இந்த விண்ணப்பத்தை எட்டாம் வகுப்பிலேயே போடவைப்பது பள்ளியின் கடமை என்று நான் சொல்வேன். ஒவ்வொரு வீடாக அலைவதை விட, ஊர் சார்பில் மொத்தமாக மனு கொடுத்து, முகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் அதே கையோடு முடியட்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கட்டணம் இப்படிச் சமாளிக்கப்பட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது மெஸ் பில்லும் பஸ் காசும் யூனிஃபார்மும்தான். உதவித்தொகை கணக்கில் ஏறத் தாமதமாகும் மாதங்களில் யார் கைமாற்று தருவது என்பதை ஊர்க் கூட்டமைப்பு முன்பே முடிவு செய்ய வேண்டும். மகளிர் குழுவின் சுழல் நிதி இதற்குச் சரியான இடம்.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள்: முடித்த பிறகு எந்தக் கவுன்சிலில் பதிவாகும்? நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், மருந்தாளுநர் என்றால் பார்மசி கவுன்சில். லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் போன்ற பிரிவுகளுக்கு 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தனி ஆணையமும் பதிவேடும் வகுத்திருக்கிறது. கல்லூரி சொல்வதை மட்டும் நம்பாமல், அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று ஆசிரியர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு மருத்துவமனை தன் அளவில் தரும் பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வெளியில் செல்லாத சான்றிதழ் பிள்ளையை அந்த ஒரே இடத்தில் கட்டிப்போடும். அத்தகைய பயிற்சியோடு அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

படிப்பு முடிந்ததும் இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சிச் செலவை ஏற்ற மருத்துவமனை சில காலம் வேலை செய்யச் சொல்வது நியாயம். வேலூர் சி.எம்.சி.யில் ஸ்பான்சர் மூலம் படிப்பவர்கள் முடித்ததும் மிஷன் மருத்துவமனைகளில் பணி செய்வது நெடுநாள் வழக்கம். ஆனால் படித்த காலத்துக்கு மேல் கட்டாயப் பணி கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம். அசல் மதிப்பெண் சான்றிதழை அடமானம்போலப் பிடித்து வைக்கவும் விடாதீர்கள். நிறுவனங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

வேலைக்குப் போன முதல் ஆறு மாதம்

ஒரே ஊரிலிருந்து ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு பேராக எடுங்கள் என்பது நிர்வாகிகளுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை. தனியாக வந்த பெண் ஹாஸ்டலில் அழுது முடிப்பதற்குள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். முன்பே அதே வழியில் வந்த சீனியர் ஒருவரை அவர்களுக்குப் பொறுப்பாகப் போடுங்கள். மருந்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதத் திணறுவதை அறிவுக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டியூட்டி மாறும்போது பத்து நிமிடம் உடன் உட்கார்ந்து எழுதவைத்தால் அது சீக்கிரம் பழகிவிடும்.

லேபுக்கு எடுத்த பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. யாரிடம் அது கொடுக்கப்படுகிறது என்பதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டிய வேலைகளைப் பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வார்டுக்குள் போகும் முன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. புதிதாக வந்த பிள்ளைகள் திட்டு விழுமோ என்று பயந்து இதை மறைக்கிறார்கள். "சொன்னால் யாரும் திட்டமாட்டோம்" என்று தலைமை நர்ஸ் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஒப்பந்தத்தில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: மேலே படிக்க விடுப்பு. நர்சிங்கில் இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படிப்பு முடித்தவர் மூன்று ஆண்டு ஜி.என்.எம். படிக்கலாம், அதை முடித்தவர் இரண்டு ஆண்டில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடிக்கலாம். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் இந்தப் படிகளில் ஏறினால், அடுத்த முறை ஊருக்கு வந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியவர் அவர்தான். அந்த ஒரு நாளைக்கும் சம்பளத்தோடு விடுப்பு கேட்டு எழுதி வாங்குங்கள்.