ஒரகடத்திலிருந்து உல்சானுக்கு: முதல் விமானப் பயணம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, உல்சான் என்ற கொரிய ஊரின் பெயர் இந்த வட்டாரத்தில் பழகிப்போயிற்று. பிறகு ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது, டைம்லரின் பாரத்பென்ஸ் வந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு பாக்ஸ்கான் வந்தது. புது மெஷினோ புது மாடலோ இறங்கும்போது, பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். போகிறவர்களில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் உண்டு. பலருக்கு, வீட்டுக்குள் வந்த முதல் பாஸ்போர்ட்டே அவர்களுடையதுதான்.

பயிற்சிக்கான கடிதம் கைக்கு வந்த அன்றே ஷிப்ட் பஸ்ஸிலும் கேன்டீனிலும் ஆலோசனை குவியும். பெரும்பாலும் விமானம் விழுவதைப் பற்றி. உண்மையில் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்கள் விமானத்தில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஆள் குறைவு என்பதுதான் என் கவலை.

"ஏறினா உயிரு நம்ம கையில இல்ல."

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவருக்குப் பயம் வருவது இயல்பு. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அறிக்கைப்படி, 2024-ல் உலகம் முழுக்க சுமார் 4 கோடி விமானங்கள் பறந்தன. உயிர்ப்பலி நேர்ந்த விபத்துகள் 7, விமானத்துக்குள் இறந்தவர்கள் 244 பேர். தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் 2022 என்ற ஒரே ஆண்டில் இறந்தவர்கள் 17,884 பேர். இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுகிறவர் தினமும் எடுக்கும் ஆபத்து, உல்சானுக்குப் பறக்கும் ஆபத்தைவிட மிகப் பெரியது.

"11ஏ சீட் கேளு, அதுல உக்காந்தவர்தான் பொழச்சார்."

அகமதாபாத்தில் தப்பிய ஒரே பயணி 11ஏ இருக்கையில் இருந்தார் என்பது உண்மை. அந்த எண்ணில் காப்பாற்றும் சக்தி எதுவும் இல்லை. விமானத்துக்கு விமானம் இருக்கை அமைப்பு மாறும். ஒன்றில் அவசர வழிக்கு அருகில் இருக்கும் 11ஏ, இன்னொன்றில் எங்கோ இருக்கும். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

உயிரைக் காப்பாற்றும் பழக்கம் எது என்பதற்கு வேறு உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துவிட்டார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பணிப்பெண்கள் சொன்னதைக் கேட்டு, பைகளை மேலேயே விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உட்கார்ந்ததும், உங்கள் வரிசையிலிருந்து அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று முன்னும் பின்னும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது, அந்த எண்ணிக்கை உதவும்.

"ஏர் பாக்கெட்ல மாட்டுனா பிளேன் பொத்துனு கீழ போயிடும்."

வானத்தில் காற்றில்லாத குழி என்று ஒன்று கிடையாது. காற்று சீராக ஓடாத இடத்தில் விமானம் குலுங்குகிறது, அவ்வளவுதான். இறக்கை மேலும் கீழும் வளைவதும் பழுது அல்ல. வளையும்படிதான் அதைச் செய்கிறார்கள். பறக்கும்போது சந்திக்கக்கூடிய மிக அதிகமான சுமை எவ்வளவோ அதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே சான்றிதழ் கிடைக்கும். ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் குலுங்கல் முழுக்கவே ஆபத்தில்லாதது என்றும் சொல்லமாட்டேன். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மரின் ஐராவதி ஆற்றுப் பகுதிக்கு மேல் கடுமையாகக் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். விமானம் உடையவில்லை, பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, மேலே மோதிக் கீழே விழுந்தார்கள். 4.6 வினாடியில் விமானம் 178 அடி இறங்கியிருந்தது என்று விசாரணை சொன்னது. பெல்ட் விளக்கு அணைந்த பிறகும், தூங்கும்போதும்கூட, இடுப்பில் பெல்ட் இருக்கட்டும்.

"காதுல ரத்தம் வரும், பஞ்சு வச்சுக்கோ."

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்ததே, அதே அடைப்புதான் இது. எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள். இறங்கும்போதுதான் அடைப்பு அதிகம் என்பதால் அப்போது தூங்காதீர்கள். பஞ்சால் பயன் இல்லை. கடும் சளியோடு போனால் வலி கூடும். முன்னதாகவே டாக்டரைப் பாருங்கள். கழிவறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதுதான் முதல் பயணிகள் செய்யும் பெரிய தவறு. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. முன்பதிவில் "ஹிந்து மீல்" என்று போட்டால் சைவம் வரும் என்று நம்பிப் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. பொதுவாக அதில் கோழியோ ஆடோ இருக்கலாம், மாட்டிறைச்சிதான் இருக்காது. நம் ஊர் மாதிரி சைவம் வேண்டுமானால் "ஏஷியன் வெஜிடேரியன்" என்று ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

"எல்லாத்தையும் பெரிய பெட்டியில போட்டு அனுப்பிடு."

பவர் பேங்கை மட்டும் அதில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் அணைக்க ஆள் இல்லை. கைப்பையில்தான் வர வேண்டும். உல்சானுக்குப் பக்கத்துப் பெரிய விமான நிலையம் புசானின் கிம்ஹே. அங்கே 2025 ஜனவரி 28 அன்று, கிளம்பத் தயாராக நின்ற ஏர் புசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அந்த மார்ச் மாதம் முதல் தென்கொரிய விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்கவும் தடை.

அம்மா கட்டித்தரும் பொட்டலத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கொப்பரைத் தேங்காய் தானாகவே தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமான விதிகள் வகைப்படுத்துகின்றன, எடுத்துவிடுவார்கள். ஊறுகாய் பெரிய பெட்டியில் போகலாம், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. குருமாவுக்குப் போடும் கசகசாவை ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துப் போய்விடாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் வையுங்கள்.

"சிங்கப்பூர்ல இறங்கி பெட்டிய நாமதான் தூக்கணும்."

சென்னையிலிருந்து கொரியா போகும் பயணங்களில் இடையில் மாறி ஏறுவது வழக்கம். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். சென்னை கவுண்டரில் ஒட்டும் சீட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சியோலின் இஞ்சியோன் என்றால் ஐசிஎன். தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு: பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாகூடத் தேவைப்படலாம். கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். படப்பை, தாம்பரம் நெரிசலைக் கணக்கில் வைத்து, மூன்று மணி நேரம் முன்னால் மீனம்பாக்கத்தில் இருங்கள்.

"இங்கிலீஷ் தெரியலன்னா திருப்பி அனுப்பிடுவான்."

குடிவரவு அதிகாரிக்கு வேண்டியது இலக்கணம் அல்ல. எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்ற மூன்றுக்கும் காகிதமே பதில் சொல்லும். அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். செல்போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீரும் நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

"கம்பெனி அனுப்புது, விசாவப் பத்தி நமக்கென்ன?"

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். 2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாய்–எல்ஜி பேட்டரி ஆலை கட்டும் இடத்தில் 475 பேரைப் பிடித்தார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். பார்க்கும் வேலைக்குப் பொருந்தாத விசா, தங்கும் காலம் தாண்டியது என்றெல்லாம் அதிகாரிகள் சொன்னார்கள். தேர்ந்த தொழில்நுட்ப ஆட்களுக்கே அந்த நிலை. உங்கள் விசா கூட்டத்துக்கா, பயிற்சிக்கா, வேலைக்கா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

கம்பெனி மூலமாக இல்லாமல் ஏஜென்ட் மூலமாகப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்து, இணைய மோசடி செய்யவைத்தார்கள். 2022-ல் தமிழ் இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். "போய் விசாவ மாத்திக்கலாம், தம்பி" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று அச்சாகியிருந்தால், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அந்த அனுமதி வாங்கியாக வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் ஆள் அனுப்பி வருகிறது. நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.